வேதக்காரரும் பட்டதாரிகளும் பொதுவாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் மாதத்தின் கடைசி ஞாயிறு பின்னேரம் கம்பஸ் (பல்கலைக்கழகப்) பிள்ளைகள் சிலர் கூடுவார்கள். நான் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து, அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பேச்சு எங்கே தொடங்கினாலும் வேதம் (எங்கள் ஊர் வழக்கில் கிறிஸ்தவம்), படிப்பு, ஊர் நியாயம் என்ற மூன்றுக்குள் வந்து நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து சொல்லித் தொண்டை வற்றுகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

மாஸ்ரர், யாழ்ப்பாணத்துப் படிப்பு என்றாலே ஏன் மிசன் கதையைத் தொடங்குகிறீர்கள்? அதற்கு முன் இங்கே யாரும் படிக்கவில்லையா?

படித்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. நிகண்டும் எண்சுவடியும் மனப்பாடமாகச் சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள். மிசன்காரர்தான் எங்களுக்கு எழுத்தறிவித்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விடுதியோடு கூடிய உயர்கல்வி, ஆங்கிலம், அச்சுக்கூடம், பெண்பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம், இவைதான் அவர்கள் கொண்டுவந்தவை.

அமெரிக்க மிசன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. டானியல் பூவர் தெல்லிப்பழையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்விக்கூடம் எழுந்தது; அவரே முதல் அதிபர். அடுத்த ஆண்டு ஹரியட் வின்ஸ்லோ உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் திறந்தார். ஆங்கிலத் திருச்சபையாரின் பணியில் இருந்து பரி. யோவான் கல்லூரியும், வெஸ்லியன் மிசனில் இருந்து வேம்படியும் ஹாட்லியும் வளர்ந்தன. கத்தோலிக்கரின் ஆங்கிலப் பாடசாலை 1850இல் வந்தது. இன்றைய சம்பத்திரிசியார் கல்லூரி அதுதான். 1841இல் தமிழும் ஆங்கிலமும் கலந்து ‘உதயதாரகை’ பத்திரிகை வெளியானது.

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீனை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார், பிறகு வைத்தியத்தையே தமிழில் படிப்பித்தார். உடற்கூற்றியலை ஆங்கிலத்தில் விழுங்கிக்கொண்டிருக்கும் முதலாமாண்டு மருத்துவபீடப் பிள்ளையிடம் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகச் சிரிக்கிறது.

மதம் மாற்றத்தானே பள்ளிக்கூடம் கட்டினார்கள்? அதை ஏன் சேவை என்று சொல்ல வேண்டும்?

ஓம், மதம் மாற்றத்தான். அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் மறைக்க ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவையான கதை.

செமினரியில் வேதாகமத்தோடு கணிதமும் வானியலும் நியூற்றனும் தமிழும் சமஸ்கிருதமும் படிப்பித்தார்கள். வானியலை அவர்கள் ஓர் ஆயுதமாகவே எடுத்தார்கள். 1829இல் வந்த சந்திர கிரகணத்தின் கணக்கில் உள்ளூர்ப் பஞ்சாங்கம் பிழைக்கிறது என்று பூவர் காட்டினார். பஞ்சாங்கம் பிழைத்தால் புராணம் பிழைக்கும், புராணம் பிழைத்தால் ஆட்கள் வேதத்துக்கு வருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் கேள்வி கேட்கப் பழக்கிவிட்டால் பிள்ளை அந்தக் கேள்வியை உன் பக்கமும் திருப்பும். படித்தவர்கள் அதே தர்க்கத்தை எடுத்துக்கொண்டு வேதாகமத்தையும் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

ஆறுமுக நாவலரைப் பாருங்கள். வெஸ்லியன் மிசனில் படித்து, அங்கேயே படிப்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்தவர். வேதாகமம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், பிரசங்கம், துண்டுப் பிரசுரம் எல்லாம் மிசன் கையாண்ட வழிகள்தான். அவற்றையே எடுத்துக்கொண்டு மிசனை எதிர்த்தார்.

1855இல் அமெரிக்காவில் இருந்து ரூபஸ் அன்டர்சன் குழுவாக வந்து கணக்குப் பார்த்தார். பிள்ளைகள் ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், ஊழியத்துக்கு வருகிறவர்கள் கொஞ்சப் பேர் என்று கண்டு செமினரியை மூடினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் அந்த மூடிய செமினரியின் மாணவர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து சைவத்துக்குத் திரும்பியவர். தொல்காப்பிய உரைகளையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டில் இருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

மிசனின் சொந்தக் கணக்குப்படி செமினரி ஒரு தோல்வி. எங்களுக்கு வந்த சொத்தெல்லாம் அந்தத் தோல்விக்குள் இருந்து வந்தது. கொடுத்தவன் கையை விட்டுப் போன பிறகுதான் கல்வி பிறருக்குச் சொத்தாகிறது என்று நான் நினைக்கிறேன். நன்றி சொல்ல வேண்டுமா, கோபப்பட வேண்டுமா என்று கேட்டால், இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

செமினரி மூடிய பிறகு என்ன நடந்தது?

பழைய மாணவர்களும் உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் விடவில்லை. 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. வெளியூர்க்காரர் வேண்டாம் என்று மூடியதை ஊர்க்காரர் வேண்டும் என்று திறந்தார்கள். பின்னாளில் லண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டத்துக்கும் அங்கே ஆட்களைத் தயார்செய்தார்கள்.

கிறிஸ்தவர்கள் சாதி பார்க்கவில்லை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது.

தொடக்கத்திலேயே மிசன் பள்ளிக்கூடங்களில் சமையலும் சாப்பாட்டுப் பந்தியும் பெரிய தலையிடி. உயர்சாதிப் பிள்ளைகள் வராமல் விட்டால் பள்ளிக்கூடமே நடக்காது என்று பயந்து மிசன்காரர் விட்டுக்கொடுத்தார்கள், சில காலம் இறுக்கினார்கள், பிறகும் விட்டுக்கொடுத்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கழுவப்படும் என்று பிரசங்கம் செய்தவர்கள், பந்தியில் யார் எங்கே இருப்பது என்பதில் தடுமாறினார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் சம ஆசனம், சம போசனம் என்று ஒரு போராட்டம் நடந்தது. அரசாங்க உதவிப் பணம் பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்று 1930 அளவில் உத்தரவு வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது, பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. பிள்ளை வாங்கில் இருப்பதற்காக ஓர் ஊர் நெருப்பு வைத்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

என்னுடைய சொந்த ஞாபகம் ஒன்றும் இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயிலில் (வேதக்கோயிலைத்தான் சொல்கிறேன்) பின் வாங்குகளில் எப்போதும் அதே குடும்பங்கள்தான் இருக்கும். யாரும் அவர்களை அங்கே போகச் சொன்னதில்லை, அவர்கள் முன்னுக்கு வந்ததும் இல்லை. நற்கருணைக் கிண்ணத்துக்கும் கடைசியாகத்தான் வருவார்கள். எனக்குப் பதினைந்து வயதாகும் வரை அது தற்செயல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டப் புத்தகத்தில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் அதற்கு முன்பே ஏறிவிட்டது.

அப்படியானால் கிறிஸ்தவப் படிப்பு சாதிக்கு எதிராக ஒன்றுமே செய்யவில்லையா?

செய்தது. ஆனால் சபையாக நின்று செய்ததை விட, அதில் படித்த பிள்ளைகள் செய்தது அதிகம். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸை எடுங்கள். ஹண்டி பேரின்பநாயகம் அதன் முதுகெலும்பு. யாழ்ப்பாணக் கல்லூரியின் பிள்ளை, அங்கே ஆசிரியராகவும் இருந்தவர். சாதிக்கும் சீதனத்துக்கும் எதிராகப் பேசினார்கள், தாய்மொழிக் கல்வி கேட்டார்கள், 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். முழுச் சுயராச்சியம் தராத யாப்பு என்று 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். அந்தப் பகிஷ்கரிப்பு புத்தியா என்று இன்றைக்கும் எங்கள் விறாந்தையில் சண்டை நடக்கும். என் கருத்து: நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது, கணக்கு இருக்கவில்லை.

ஹண்டி மாஸ்ரர் பற்றி எனக்குப் பிடித்த செய்தி அரசியல் இல்லை. கிறிஸ்தவராகப் பிறந்த அவர் 1949இல் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபராகப் போனார், 1960 வரை இருந்தார். இந்துக் கல்லூரிக்கு இவரா என்று கேட்காத ஒரு முகாமைத்துவமும், அங்கே போய் என் வேதத்துக்கு என்ன ஆகும் என்று பயப்படாத ஒரு மனிதரும் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துக்கு மற்றச் சபைக்காரர் ஒருவரை அதிபராகப் போடுவதற்கே எத்தனை கூட்டம், எத்தனை கடிதம்.

சைவர் பெரும்பான்மையாக வாழும் இடத்தில் ஒரு கிறிஸ்தவர் எப்படித் ‘தந்தை’ ஆனார்?

‘தந்தை செல்வா’ என்ற செல்வநாயகத்தைக் கேட்கிறீர்கள். 2012 கணக்கெடுப்பின்படியே யாழ் மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் கிறிஸ்தவர். அவருடைய தொகுதியான காங்கேசன்துறை, மாவிட்டபுரம், கீரிமலைச் சைவக் கோயில்கள் எல்லாம் உள்ள பக்கம். அவர் ஈப்போவில் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்தார். தெல்லிப்பழை மிசன் பள்ளிக்கூடம், பரி. யோவான் என்று படித்து, லண்டன் வெளிவாரிப் பட்டம் எடுத்துச் சட்டத்தரணி ஆனார்.

அவருடைய மதத்தை எதிராளிகள் பேசாமல் இருக்கவில்லை. 1952 தேர்தலில் சு. நடேசனிடம் தோற்றார். 1956இல் அதே தொகுதி அவரைத் திரும்ப எடுத்தது, பிறகு விடவில்லை.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது 1949ஐப் பார் என்று. மலையகத் தமிழரின் குடியுரிமை 1948 சட்டத்தால் பறிபோனது. அவர்களில் ஒருவருக்கும் காங்கேசன்துறையில் வாக்கு இல்லை. இன்றைக்கு அவர்களுக்கு, நாளைக்கு எங்களுக்கு என்று சொல்லி, தான் இருந்த கட்சியை விட்டு வெளியேறித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வாக்குக் கணக்கில் ஒரு சதம்கூட இலாபமில்லாத முடிவு. அவர் வேதாகமத்தை மேடையில் தூக்கிக் காட்டியிருந்தால் ஊர் அவரைப் ‘பாதிரி’ என்று சொல்லி விட்டிருக்கும்.

அவருடைய அரசியலில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. சத்தியாக்கிரகத்துக்குத் தெற்கில் இருந்து கிடைத்த பதில் அடியும் உதையும்தான் என்று தெரிந்த பிறகும் மாற்று வழி தேடச் சுணங்கினார் என்று சொல்வார்கள். மாற்று வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

1960இல் அரசாங்கம் பள்ளிக்கூடங்களை எடுத்தது சரியா?

பெரும்பாலும் சரி. என் சபையில் இதைச் சொல்லி நான் சம்பாதித்த பகை கொஞ்சமல்ல.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அரசாங்க உதவி பெற்ற பள்ளிக்கூடங்கள் அரசுக்குப் போயின. மிசன் பள்ளிக்கூடங்கள் மட்டுமல்ல, சைவ முகாமைப் பள்ளிக்கூடங்களும் போயின. யாழ்ப்பாணக் கல்லூரி, சம்பத்திரிசியார், பரி. யோவான், சுண்டுக்குளி, உடுவில் போன்ற சில மட்டும், கட்டணம் வாங்குவதில்லை என்ற நிபந்தனையோடு தனியாராக நின்றன. பல ஆண்டுகள் பழைய மாணவரின் காசிலும் ஆசிரியரின் பொறுமையிலும் ஓடின. பிறகுதான் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது.

பிறகேன் சரி என்கிறேன்? மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை வேண்டுமென்றால் ஞானஸ்நானச் சீட்டைக் காட்டு என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகத்துக்காகப் பெயர் மாற்றியவர்களைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்பு அப்போதும் ஓயவில்லை. அந்த அசிங்கம் போனது நல்லது, வேதத்துக்கும் நல்லது. இழந்ததும் உண்டு: விடுதிகள், நூலகங்கள், பின்னேரத்தில் பிள்ளையோடு நின்று கதைத்த ஆசிரியர்கள். அந்த இடத்தை இன்றைக்கு ரியூசன் கொட்டில் பிடித்துவிட்டது.

எங்கள் கம்பஸ் கட்டடத்துக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பிள்ளைகளுக்காக 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி. மற்றது வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதி. முதல் தலைவராக வந்தவர் மார்க்சிய விமர்சகர் க. கைலாசபதி. சைவர் கட்டிய இடம், மிசன் கட்டிய இடம், கடவுளை நம்பாத தலைவர்! 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது.

விலங்கியல் படிக்கிறேன். பரிணாமத்தை ஏற்றால் விசுவாசம் போய்விடும் என்று எங்கள் பாஸ்ரர் சொல்கிறார்.

மரபியலுக்கு அடி போட்ட மெண்டல் ஒரு துறவி. அண்டம் விரிகிறது என்று கணித்தவர்களில் முன்னோடியான லெமெய்ற்றர் கத்தோலிக்கக் குரு. பரிணாம ஆராய்ச்சிக்குத் தடையில்லை என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இலேயே எழுதினார்; அது வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996இல் சொன்னார். பாஸ்ரரோடு சண்டை பிடிக்க வேண்டாம். பாடத்தை ஒழுங்காகப் படியுங்கள். பரீட்சையில் நம்பாததை எழுதிப் புள்ளி எடுத்து, ஞாயிறில் வேறு கதை சொல்வதுதான் எனக்குப் பிழையாகப் படுகிறது.

பகிடிவதையில் சேராவிட்டால் ஒதுக்கிவிடுகிறார்கள். என்ன செய்வது?

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை (ராகிங்) குற்றம். இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ பாரதூரமான காயமோ இருந்தால் பத்து ஆண்டு வரை போகலாம். இது பொலிஸ் விஷயம், கம்பஸ் வீட்டு விஷயமல்ல.

இது சட்டம் சொல்லும் பதில். இனி நான் கண்டது. சபையில் பாட்டுக் குழுவில் நிற்கும் அமைதியான பிள்ளை, இரண்டாமாண்டு வந்தவுடன் ஜூனியரைப் பார்த்து முழங்காலில் நில் என்று கத்தியதாகக் கேள்விப்பட்டேன். கூப்பிட்டுக் கேட்டேன். “எங்களுக்கும் செய்தார்கள் மாஸ்ரர்” என்றான். அவ்வளவுதான் அவனிடம் இருந்த நியாயம். உன் அம்மா உன்னை அந்தக் கோலத்தில் பார்த்தால் என்ன நினைப்பா என்று கேட்டேன். பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போனான். மூன்று மாதம் எங்கள் பக்கமே வரவில்லை.

ஒதுக்கிவிடுவார்கள் என்பது உண்மை. ஆறு மாதம் தனியாகச் சாப்பிட வேண்டி வரலாம். நான்கைந்து பேராகச் சேர்ந்து மறுத்தால் அந்தச் சாப்பாடு இறங்கும். தனியாக மறுக்க முடியாத பிள்ளையைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பல்கலைக்கழகம் உண்மை பேசும் இடம் என்கிறீர்கள். இங்கே அப்படி யார் பேசியிருக்கிறார்கள்?

ரஜனி திரணகம. சுண்டுக்குளியில் படித்தவர், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், இடதுசாரி. எங்கள் மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை 1988இல் உருவாக்கியவர்களில் ஒருவர். இந்தியப் படை செய்ததையும் இலங்கைப் படை செய்ததையும் தமிழ் ஆயுத இயக்கங்கள் செய்ததையும் ஒரே அளவுகோலால் அளந்து, சக ஆசிரியர்களோடு ‘முறிந்த பனை’யை எழுதினார். 1989 செப்ரெம்பர் 21 அன்று கம்பஸில் இருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில், இதே திருநெல்வேலியில், சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. விடுதலைப் புலிகள் செய்தார்கள் என்பதே பரவலான குற்றச்சாட்டு.

அவரைக் ‘கிறிஸ்தவத் தியாகி’ என்று சொந்தம் கொண்டாடச் சில சபைக்காரருக்கு ஆசை. நான் ஒத்துக்கொள்வதில்லை. அவர் உயிரோடு இருந்தபோது பக்கத்தில் நின்ற சபைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம். மற்றவன் செய்த கொலையை எழுதுவதற்கு ஆள் கிடைக்கும். எங்கள் பக்கம் செய்ததை எழுதுகிறவருக்குத்தான் தெரு வெறிச்சோடிப் போகிறது.

குருமார் அரசியல் பேசலாமா?

யாருக்கு வாக்குப் போடு என்று பீடத்தில் நின்று சொல்லக் கூடாது. சொன்னால் நான் எழுந்து வெளியே போய் நிற்பேன், போயும் இருக்கிறேன்.

ஆனால் 1995 யூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தபோது, அதைச் சொல்வது அரசியலா? அல்லைப்பிட்டிப் பங்குக் குரு ஜிம் பிறவுண் அடிகளும் அவரோடு போன உதவியாளரும் 2006 ஓகஸ்ட் 20க்குப் பிறகு காணாமல் போனார்கள். இன்னும் எங்கே என்று கேட்பது அரசியலா? அப்படி என்றால் அந்த அரசியலைக் குருமார் பேசத்தான் வேண்டும்.

வேலை எடுக்கக் காசு கேட்கிறார்கள். கொடுத்தால் பாவமா?

முதலில் சட்டம்: இலங்கையில் லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்திலும் அப்படித்தான்.

அடுத்தது என் கதை. பல ஆண்டுகளுக்கு முன், வன்னியில் இருந்து வீட்டுக்குக் கிட்ட மாற்றம் எடுக்க ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். கோப்பு நகரவில்லை. ஒருநாள் எங்கள் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு சாக்கு அந்த அதிகாரி வீட்டில் இறக்கினேன். அடுத்த கிழமை கடிதம் வந்தது. மாம்பழம் லஞ்சமா என்று மனைவியிடம் கேட்டேன். “அவர் வேலையை விட்டுப் போன பிறகும் கொடுப்பீர்களா?” என்று கேட்டா. அடுத்த ஆண்டு அவர் ஓய்வுபெற்றார். நான் மாம்பழம் கொண்டுபோகவில்லை.

சகேயு கதை தெரியும்தானே? வரி வசூலித்தவன், இயேசு வீட்டுக்கு வந்த அன்று, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். எங்கள் சபைகளில் சகேயு மரத்தில் ஏறியதைப் பாட்டாகவே பாடுகிறார்கள். திருப்பிக் கொடுத்த கட்டம் வந்ததும் பிரசங்கம் சுருங்கிவிடும்.

உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நேர்முகத்தில் எனக்கு எத்தனை புள்ளி, எந்த அடிப்படையில் தெரிவு என்று அலுவலகத்தின் தகவல் அதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். எங்கள் விறாந்தைப் பிள்ளை ஒருத்தி இப்படிக் கேட்டு எழுதினா. வேலை கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த நேர்முகத்தில் புள்ளித்திட்டத்தை முன்கூட்டியே ஒட்டியிருந்தார்களாம்.

முகவரியை வேறு மாவட்டத்துக்கு மாற்றி ஏ.எல். எடுத்தால் வெட்டுப்புள்ளி குறையும். அதில் என்ன பிழை?

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். யாழ்ப்பாண நகரில் நாலு ரியூசனுக்குப் போன பிள்ளை விதானையார் (கிராம அலுவலர்) கடிதத்தோடு முல்லைத்தீவுக்காரனாக மாறினால், அங்கே உண்மையாகவே விளக்கு வெளிச்சத்தில் படித்த ஒரு பிள்ளையின் இடம் போகிறது. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தலால் எங்கள் இடத்தைப் பறித்தார்கள் என்று ஐம்பது ஆண்டாகச் சொல்லிவரும் நாங்கள் இதைச் செய்வது எனக்கு விளங்கவில்லை. செய்பவர்களில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, வெள்ளி தவறாமல் நல்லூருக்குப் போகிறவர்களும் உண்டு.

கிறிஸ்தவக் குடும்பங்களிலும் சீதனம் வாங்குகிறார்களே?

வாங்குகிறார்கள். டொக்டர், எஞ்சினியர் என்று பட்டத்துக்குப் பட்டம் தொகை. பல்கலைக்கழகம் தந்த தாளை விலைச்சீட்டாக மாற்றுவதில் மதவேறுபாடே இல்லை.

பழைய சீதனத்துக்காக ஒரு சொல். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையில் சீதனம் பெண்ணோடு போகும் சொத்து. கேடு வந்தால் அவளுக்கு ஒரு காணித்துண்டாவது மிஞ்சும். இன்றைய ‘டொனேசன்’ மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் ரொக்கம். அவன் தங்கையின் கலியாணத்துக்கு அது அப்படியே கைமாறும்.

எங்கள் கோயில்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள்: இந்த விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும். எனக்குத் தெரிந்து டொனேசனைத் தடையாக யாரும் அறிவித்ததில்லை. நானும் அறிவித்ததில்லை, பல ஓலைகளுக்குப் பின்னால் இருந்த தொகை தெரிந்தும்.

படித்து முடித்ததும் கனடா போவது தவறா?

தவறில்லை. 1945இல் வந்த இலவசக் கல்விக்கான காசில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவரின் வியர்வையும் இருந்தது என்பதை மட்டும் மறக்காமல் போங்கள். அங்கே போய்ப் பழைய மாணவர் சங்கத்தில் சாதி பார்க்க வேண்டாம்.

கிறிஸ்தவ நாகரிகம் பாடமாக எடுத்தால் வேலை கிடைக்குமா?

ஆசிரியராகலாம், மற்றக் கலைப் பட்டதாரியைப் போலப் போட்டிப் பரீட்சைகளும் எழுதலாம். அதற்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் சைவப் பிள்ளை அதையும் கிறிஸ்தவப் பிள்ளை இந்து நாகரிகத்தையும் எடுத்தால் எனக்குச் சந்தோஷம். கத்தோலிக்கக் குருமாரான தனிநாயகம் அடிகளும் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் தமிழைக் கற்றது மதில் பார்த்தல்ல.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த இரவில் சம்பத்திரிசியார் கல்லூரியில் இருந்து அந்த நெருப்பைப் பார்த்த தாவீது அடிகள் அதிர்ச்சியில் இறந்துபோனார். பன்மொழி அறிஞர். எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் வேதப் புத்தகம் எத்தனை, சைவப் புத்தகம் எத்தனை என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

சைவப் பிள்ளைகள் உங்கள் கூட்டத்துக்கு வரலாமா?

இப்போதே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சைவப் பிள்ளைகள்தான். ஜெபத்தோடு தொடங்குவதில்லை, நாலரைக்குத் தேத்தண்ணியோடு தொடங்குவோம். சில நாட்களில் தோலகட்டி நெல்லிரசமும் கிடைக்கும். கதிரைகள் ஆறுதான் இருக்கின்றன, அதில் இரண்டுக்குக் கால் ஆடும். அதனால் எல்லாரும் பாயில்தான் இருக்க வேண்டி வரும்.